நூற்றுப்பதினாறு பை மண்

காக்கையூரணியின் நூற்றுப்பதினாறு காடுகளும் ஒரே காடாகிப்போன காரியம் ஒரு பங்குனி வெள்ளிக்கிழமை, பதினோரு மணி பஸ் போனதற்கும் இரண்டு மணி பஸ் வந்ததற்கும் நடுவில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மூன்று மணி நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது. காடு என்றவுடன் யானை, கரடி என்று போய்விட வேண்டாம். அந்தக் கரிசல் சீமையில் மழையை நம்பிக் கிடக்கிற புஞ்சைக்குக் காடு என்றுதான் பெயர், அதில் யானை அளவுக்குப் பெரிதாக இருப்பது வெயில் ஒன்றுதான்.

அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியவன் பாலமுரளி, பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி அலுவலர். ஊர் ஊராகப் போய் விதையும் உரமும் யோசனையும் கொடுப்பது அவன் வேலை, கொடுத்ததாக எழுதுவது அதைவிடப் பெரிய வேலை. அந்த வருஷம் காக்கையூரணியில் நூற்றுப்பதினாறு விவசாயிகளுடைய மண்ணையும் தனித்தனியாக எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. ஒவ்வொரு காட்டிலும் ஆறு இடத்தில் குழி வெட்டி, ஆறு மண்ணையும் கலந்து, நான்காகப் பிரித்து, நிழலில் காயவைத்து, அரைக் கிலோ அள்ளித் துணிப்பையில் போட்டு, பேரும் சர்வே எண்ணும் எழுதிக் கட்ட வேண்டும். அதற்கு ஒரு மாதம் வேண்டும், அவன் கையில் இருந்தது மூன்று நாள். போதாத குறைக்கு வண்டி வேறு பஞ்சர், வெயிலோ தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தை ஒட்டினாற்போல் இருந்த முப்பது சென்ட் புஞ்சையில் ஒரு பெண்பிள்ளை கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அவள்தான் குருவம்மா.

"ஒரு மம்பட்டி கிடைக்குமாம்மா?" என்று கேட்டான்.

கொடுத்தாள். அவன் வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்துகொண்டு, எட்டுகிற தூரத்தில் ஒரே மூலையை வெட்டி, நூற்றுப்பதினாறு பையையும் அங்கேயே நிரப்பினான். பை வாயை விரித்துப் பிடித்தவள் குருவம்மாதான். பெயர்களை அவன் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுத, அவளுக்கு எல்லாருடைய காடும் கண்ணுக்குள் வந்து வந்து போனது, எல்லாம் அவள் கூலிக்குக் களையெடுத்த காடுகள்.

"ஏன் சார், பெருமாள்சாமி மொதலாளி காட்டு மண்ணு மை மாதிரில்ல இருக்கும்? இது செவலு கலந்த மண்ணு" என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள்.

"மண்ணு எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றான் பாலமுரளி, நெற்றி வேர்வையை வழித்துக்கொண்டே.

வெயில் தாங்காமல் சொன்ன பேச்சுதான் அது. ஆனால் குருவம்மாவுக்கு அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த முப்பது சென்டும் அவள் மாமனார் காலத்தில் சர்க்கார் கொடுத்தது. கொடுக்கும்போது அது மண் இல்லை, வெறும் கல். அவளும் அவள் புருஷன் சங்கிலியும் பதினொரு வருஷம் கல் பொறுக்கி அதை மண்ணாக்கினார்கள், சங்கிலிக்கு இழுப்பு நோய் வந்ததே அந்தப் புழுதியில்தான். அவர்கள் குடியிருக்கிற கிழக்குத் தெருவில் வேறு யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. எந்தக் காட்டில் இறங்க, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க, எந்த வரப்பில் நடக்க என்று எல்லாவற்றுக்கும் யாரையாவது கேட்டுக் கேட்டே ஐம்பது வயதானவள் அவள். யாரையும் கேட்காமல் அவள் செய்கிற ஒரே காரியம் அந்த முப்பது சென்டில் தனக்குப் பிடித்ததை விதைப்பது. அதற்காகத்தான் உயிரோடிருக்கிறேன் என்று அவள் சொன்னதில்லை, ஆனால் அதுதான் உண்மை.

சித்திரைக் கடைசியில் மண்வள அட்டை வந்தது. சமுதாயக் கூடத்தில் பந்தல் போட்டு, ரோஸ்மில்க் கொடுத்து, ஆளுக்கொரு அட்டையாக நூற்றுப்பதினாறும் வழங்கப்பட்டது. அத்தனை அட்டையிலும் ஒரே தழைச்சத்து, ஒரே மணிச்சத்து, ஒரே சாம்பல்சத்து, ஒரே உப்பு. யாரும் பக்கத்து ஆள் அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை, தங்கள் அட்டையையும் பார்க்கவில்லை. ஆனால் நிலம் பார்த்தது. நூற்றுப்பதினாறு காடும் அட்டையில் எழுதியிருந்ததை அப்படியே நம்பிவிட்டன. சர்க்கார் முத்திரை குத்திய காகிதத்தை மனுஷர்களே நம்புகிறபோது வாயில்லாத நிலம் என்ன செய்யும்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை குருவம்மா தன் காட்டைக் கொத்திவிட்டாள். காலையில் தொடங்கி உச்சிவேளைக்கு முடித்து, நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த காடுகளெல்லாம் கொத்திக் கிடந்தன. அதற்கும் அப்பால் பெருமாள்சாமியின் பதினெட்டு ஏக்கரும் கொத்திக் கிடந்தது. ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. டிராக்டர்காரன் காடு மாறி உழுதுவிட்டுப் போயிருப்பான், வாடகை கேட்டு வரட்டும் பார்த்துக்கொள்வோம் என்று பெருமாள்சாமி மூன்று நாள் வாசலில் காத்திருந்தார். மற்றவர்களும் அப்படியே காத்திருந்தார்கள், எவனும் வாடகை கேட்டு வரவில்லை, அதனால் அது ஒரு நல்ல வருஷம் என்று தீர்மானித்துக்கொண்டார்கள்.

ஆடியில் மழை விழுந்ததும் அவள் குதிரைவாலி விதைத்தாள். ஆறாம் நாள் ஊர் முழுக்கக் குதிரைவாலி முளைத்தது. பருத்திக்குத் தயார் பண்ணிய காட்டில் குதிரைவாலி, மிளகாய் நாற்று நட்ட காட்டில் நாற்றைத் தள்ளிக்கொண்டு குதிரைவாலி, நானூறு ஏக்கரும் பச்சைப்பசேலென்று ஏழைகள் குடிக்கிற கஞ்சியாக நின்றது. பெருமாள்சாமிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஊரிலுள்ள காடுகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்.

"ஏளா குருவம்மா, இதெல்லாம் ஒன் வேலையா?"

"நான் எங்காட்டுல மட்டுந்தான் மொதலாளி வெதச்சேன்."

"பெறகு எங்காட்டுல எப்படி மொளச்சுது?"

குருவம்மா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. "அன்னக்கி ஆபீசு சார் வந்து, எல்லாப் பையிலயும் எம் மண்ணத்தான அள்ளுனாரு. மண்ணு எல்லாம் ஒண்ணுதான்னு அவருதான் சொன்னாரு" என்றாள்.

அங்கே நின்றவர்கள் கொஞ்ச நேரம் அதை மென்று பார்த்தார்கள். இப்படியும் நடக்குமா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பெருமாள்சாமி கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப இதுல மக்காச்சோளம் போட்டா எங்களுக்கும் மக்காச்சோளம் வருமா?" என்பதுதான். அந்த மனுஷர் சும்மா பதினெட்டு ஏக்கர் வைத்திருக்கவில்லை.

சோதித்துப் பார்த்தார்கள். அவள் காட்டில் ஒரு கூடை எரு போட்டால் எல்லாக் காட்டிலும் எரு விழுந்தது, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எல்லாக் காடும் நனைந்தது. ஆனால் பெருமாள்சாமி தன் காட்டில் என்ன செய்தாலும் அது அவள் காட்டுக்குப் போகவில்லை. அவளிடமிருந்து மற்றவர்களுக்கு மட்டுமே போயிற்று, அதாவது வழக்கம்போல.

பிறகு மரியாதை வந்தது. ஏளா போய் வாம்மா வந்தது. கிழக்குத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் அவள் வீட்டு வாசலில் நின்று சங்கிலியின் இழுப்புக்குக் கைவைத்தியம் சொன்னார்கள். சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு, ஊர் நன்மைக்காக இந்தப் போகம் மக்காச்சோளம் என்று முடிவு செய்தார்கள், கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள், முடிவெடுத்த பிறகு. "ஊருக்கே பொதுவான ஆளாயிட்ட குருவம்மா, ஒனக்கு என்ன கொற?" என்று பெருமாள்சாமி சிரித்தார். கதிர் விடப்போகிற குதிரைவாலியை அவளையே பிடுங்கச் சொன்னார்கள், ஏனென்றால் வேறு யார் பிடுங்கினாலும் அவ்வளவு சுத்தமாக வராதாம். பிடுங்கினாள். ஒவ்வொரு கொத்துக்கும் நானூறு ஏக்கரிலும் ஒவ்வொரு கொத்து பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது, அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது, அழுகை வந்தது, பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

"ஏளா, நம்ம இப்ப நானூறு ஏக்கர் சம்சாரிக தெரியும்ல" என்றான் சங்கிலி அன்று சாயங்காலம், கட்டிலில் சாய்ந்து மூச்சை இழுத்துக்கொண்டே. அவனுக்கு எதையும் கேலியாகச் சொல்லித்தான் பழக்கம்.

"சிரிக்காதய்யா, வகுறு எரியுது."

"நம்ம காட்டுல கை வச்சிட்டாங்கன்னு எரியுதா?"

"என்னயக் கேக்காம வச்சிட்டாங்க."

விரிவாக்க மையமும் சும்மா இருக்கவில்லை. பாலமுரளி ஒரு வாரம் காய்ச்சல் என்று லீவு போட்டுப் பார்த்தான், ஆனால் உதவி இயக்குநர் அம்மா அவனைக் கூப்பிட்டுத் திட்டவில்லை, பாராட்டினார். ஒரே இடத்தில் செய்கிற சாகுபடி ஊர் முழுக்கப் பரவுகிறது என்றால், இத்தனை வருஷமாக விரிவாக்கம் விரிவாக்கம் என்று எழுதிக்கொண்டிருந்தது இதைத்தானே. அது ஒருங்கிணைந்த மாதிரித் திடல் ஆயிற்று. பச்சை போர்டு நட்டார்கள், சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள், வேலிக்குக் கேட் வைத்துப் பூட்டினார்கள். வாரம் ஒரு நாள் பண்ணைப் பள்ளி நடந்தது. வெளி மாவட்டத்து விவசாயிகள் கண்டுணர்வுப் பயணமாக இரண்டு பஸ்ஸில் வந்து, லெமன் சாதப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே குருவம்மா களையெடுப்பதைப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். திடலைப் பார்த்துக்கொள்ள உழவர் ஆர்வலர் குழு என்று ஒன்று அமைத்தார்கள், பெருமாள்சாமி தலைவர், சாவி அவரிடம். குழுவில் சேர நிலமுள்ள விவசாயியாக இருக்க வேண்டும் என்பது விதி. குருவம்மாவின் நிலம் திடலாகிவிட்டதால் அவளைச் சேர்க்க வழியில்லை என்று பாலமுரளி மிகவும் வருத்தத்தோடு சொன்னான், அவன் வருத்தம் பொய்யில்லை. தினமும் காலையில் அவள் பெருமாள்சாமி வீட்டு வாசலில் நின்று சாவி கேட்டு வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாள்.

இதில் அவளுக்கு ஆகப்பெரிய அடி சொந்தத் தெருவிலிருந்து விழுந்தது. நூற்றுப்பதினாறு காட்டுக் களையையும் ஒருத்தி எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு என்ன வேலை? புரட்டாசியில் கிழக்குத் தெருப் பெண்கள் களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார்கள், ஒருத்தரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பூரணம், கூடப் பிறந்தவள் மாதிரி பழகியவள், குருவம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். "எங்க சோத்துலயெல்லாம் மண்ண அள்ளிப் போட்டுட்டயேக்கா" என்று ஒரு நாள் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள். அவளுக்கும் ஒரு பெண்ணாள் கூலிதான் கொடுத்தார்கள், அவள் சொந்தக் காட்டில் களையெடுக்க.

மக்காச்சோளம் என்றால் அப்படி ஒரு மக்காச்சோளம். ஊரில் பிறந்த யாரும் அப்படி ஒரு வெள்ளாமையைப் பார்த்ததில்லை. கார்த்திகையில் கதிர் பால் பிடித்து, தோகை ஆளுயரத்துக்கு மேலே அசைந்துகொண்டிருக்க, மழையும் விடாமல் பிடித்துக்கொண்டது, அந்த மழையில் ஒரு புதன்கிழமை விடியற்காலை சங்கிலி செத்துப்போனான்.

இனி வருவது நல்ல பேச்சு இல்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கிழக்குத் தெருவுக்கு இடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். போவதற்கு இரண்டு வழி: ஒன்று ஓடைக்குள் இறங்கி ஏறுவது, மற்றது பெருமாள்சாமி காட்டு வரப்பு. வெள்ளாமை நிற்கிற காலத்தில் வரப்பில் பிணம் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். எந்த ஊர்க் கூட்டத்திலும் எழுதாத வழக்கம், ஆனால் யாரும் மீறாத வழக்கம். இருபத்திரண்டு வருஷமாகப் பாதையோ வேறு இடமோ கேட்டுக் கிழக்குத் தெரு மனுப் போட்டு வருகிறது. எப்போதும் ஓடைக்குள் இறங்கித்தான் போவார்கள், அன்றைக்கு ஓடை இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

குருவம்மா தலைவிரி கோலமாகப் பெருமாள்சாமி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வாம்மா" என்றார் அவர், மரியாதைக்குக் குறைவில்லை. "கேள்விப்பட்டேன். தங்கமான மனுசன்."

"வரப்பு வழியா மட்டும் விட்டீகன்னா..."

"கருது பால் பிடிக்கிற நேரம் குருவம்மா. ஒனக்குத் தெரியாததா, நீ வளத்த வெள்ளாமதான இது? எனக்காகச் சொல்லல, ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. ரெண்டு நாள் பொறு, தண்ணி வடிஞ்சிரும்."

"ரெண்டு நாள் பொணம் தாங்குமா மொதலாளி?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். அங்கே பண்ணைப் பள்ளி நடத்த வந்திருந்த பாலமுரளி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனிடமும் கேட்டாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "அது வருவாய்த் துறைம்மா, எங்களுக்கு அதுல அதிகாரம் இல்ல" என்றான்.

வியாழக்கிழமை மத்தியானம் வரை பொறுத்தாள். ஓடை வடியவில்லை, வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. அதற்கு மேல் அவள் யாரையும் கேட்கவில்லை. மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய் திடல் கேட்டின் பூட்டை உடைத்தாள். சத்தம் கேட்டுக் கிழக்குத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள், முதலில் வந்தவள் பூரணம். இரண்டு மாதமாகப் பேசாதவள் ஒன்றும் பேசாமலே மக்காச்சோளத்தைத் தட்டைதட்டையாகப் பிடுங்கி இடம் பண்ணிக் கொடுத்தாள், நாலு ஆண்பிள்ளைகள் குழி வெட்டினார்கள். பட்டப்பகலில், மழை தூறிக்கொண்டிருக்க, பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் பார்க்க, சங்கிலியைத் தெற்கே தலைவைத்து, அவன் பொறுக்கி மண்ணாக்கிய மண்ணில் இறக்கினார்கள்.

பெருமாள்சாமி அப்போது தன் காட்டில் கதிரைப் பிரித்து மணி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலுக்கு முன்னால் பயிர் விலகி, ஆறடிக்கு மூன்றடியில் மண் தானாக வெட்டிக்கொண்டு இறங்கியது. எட்டிப் பார்த்தார், அடியில் கோடித்துணியும், கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டிய இரண்டு கால்களும் தெரிந்தன. பிறகு கைப்பிடி கைப்பிடியாக மண் விழுந்து, குழி மூடி, மேடாகி, மேட்டின் மேல் ஒரு ரோஜா மாலை வந்து உட்கார்ந்தது. ஒருவர் தன் வரப்பில் போக விடாத சங்கிலி அன்று மத்தியானம் நூற்றுப்பதினாறு பேருடைய காட்டிலும் நடு மத்தியில் படுத்துக்கொண்டான். குருவம்மா அதை நினைத்துச் செய்யவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை, புதைக்க ஓர் இடம் வேண்டும் என்பது தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் பூரணம் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னபோது, அழுதுகொண்டிருந்தவளுக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது, சங்கிலி இருந்தால் இதை எப்படிச் சொல்லிச் சொல்லி மாய்வான் என்று.

ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. மேட்டை வெட்டி எறிந்தார்கள், வெட்ட வெட்ட வளர்ந்தது. எவனோ பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினான், மாலை மட்டும் வாடவில்லை. பிணம் கிடக்கிற காட்டு மக்காச்சோளம் என்று செய்தி பரவி வியாபாரி லாரியைத் திருப்பிக்கொண்டு போனான், அந்த அருமையான வெள்ளாமை நின்ற நிலையிலேயே மக்கியது. மறுபடியும் எல்லோரும் குருவம்மா வாசலில் நின்றார்கள், வாம்மா போய் ஏளா திரும்பியிருந்தது.

"தோண்டி எடுளா. வரப்பு வழியாவே கொண்டு போ, நானே கூட வாரேன்" என்றார் பெருமாள்சாமி.

"வச்ச எடத்துல இருக்கட்டும் மொதலாளி."

"நாங்க தோண்டுனா?"

"தோண்டுங்க. எங்காட்டுல தோண்டுனாத்தான் போகும். கிழக்குத் தெருக்காரன் பொணத்தத் தொட்டுத் தூக்க ஒங்கள்ல யாரு வாரா?"

ஒருவரும் முன்னால் வரவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அன்றைக்குத்தான் அவள் ஜெயித்த நாள் என்று வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு நாள் அவளுக்கு இருந்தது.

விரிவாக்க மையத்துக்குத் தகவல் போயிற்று. உதவி இயக்குநர் அம்மா ஜீப்பில் வந்து, மேட்டையும் மாலையையும் பச்சை போர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சமாதி இருக்கிற இடத்தை மாதிரித் திடல்னு நான் எப்படி எழுதுறது?" என்று பாலமுரளியைக் கேட்டார். அதற்கு வழியை அவனே சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: மண்ணை முறையாக எடுத்தால் சரியாகிவிடும் மேடம்.

மார்கழி முழுவதும் அவன் காக்கையூரணியில் நடந்தான். ஒவ்வொரு காட்டிலும் ஆறு குழி, ஆறு மண்ணும் கலந்து, நான்காகப் பிரித்து, நிழலில் காயவைத்து, அரைக் கிலோ. உத்தியோகத்துக்கு வந்து ஒன்பது வருஷத்தில் அவன் செய்த முதல் நேர்மையான வேலை அதுதான், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பொங்கல் கழிந்து புது அட்டை வந்தது, நூற்றுப்பதினாறும் வேறு வேறு. அட்டை கைக்குக் கை போகப் போக ஒவ்வொரு காட்டிலும் மேடு அமிழ்ந்து நிலம் சமமாயிற்று, காடுகள் தங்கள் தங்கள் குணத்துக்குத் திரும்பின. பெருமாள்சாமி காட்டு மண் மறுபடியும் மை மாதிரி ஆனது. கிழக்குத் தெருப் பெண்களைக் களையெடுக்கக் கூப்பிட்டார்கள்.

குருவம்மா காட்டில் மட்டும் மேடு இருந்தது. அந்த நிலத்தை என்ன செய்வது என்று தாலுகா ஆபீசிலிருந்து விரிவாக்க மையத்தைக் கேட்டார்கள், சாகுபடிக்குத் தகுதியற்றது என்று பதில் போயிற்று, அதில் கையெழுத்து பாலமுரளியுடையது. புதைத்த இடத்தைப் பிறகு என்னவென்று சொல்வது என்று அவன் நினைத்திருக்கலாம், அல்லது ஒன்றுமே நினைக்காமல் நீட்டிய இடத்தில் போட்டிருக்கலாம். மாசியில் உத்தரவு வந்தது: கிழக்குத் தெரு மக்களின் இருபத்திரண்டு வருஷக் கோரிக்கை ஏற்கப்படுகிறது, ரோட்டோரம், பஸ் நிறுத்தத்தை ஒட்டி, முப்பது சென்ட், இடுகாடு. பச்சை போர்டைப் பிடுங்கிவிட்டு வெள்ளை போர்டு நட்டார்கள். கிழக்குத் தெரு வெடி போட்டுக் கொண்டாடியது, குருவம்மாவுக்கு மாலை போட்டார்கள், அவள் கழுத்தைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். என்ன சொல்ல முடியும் அவளால்? அடுத்த வாரமே பூரணத்தின் தாயார் போய்ச் சேர, கொட்டு மேளத்தோடு, தார் ரோட்டில், ஒருத்தரும் மறிக்காமல், முதல் தடவையாகக் கிழக்குத் தெருவின் பிணம் தலை நிமிர்ந்து போயிற்று. பூரணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். குருவம்மாவும் கதறினாள், ஆனால் அவள் அழுதது வேறு அழுகை.

ஆடியில் மழை விழுந்தது. அவள் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு மம்பட்டியோடு போனாள், அதற்குள் அங்கே ஐந்து மேடுகள் இருந்தன. இடையில் காலியாகக் கிடந்த இடத்தில் ஓங்கினாள்.

"மம்பட்டியப் போடாதக்கா" என்றது பூரணத்தின் குரல். அவள் தாயார் மேட்டில் பூ வைக்க வந்திருந்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில், கெஞ்சல்தான். "எங்காத்தா படுத்திருக்கா."

"ஓரமா ரெண்டு வரி மட்டும் போட்டுக்கிறட்டா?"

கேட்டுவிட்ட பிறகுதான், தான் கேட்டுவிட்டது குருவம்மாவுக்கு உறைத்தது. பூரணம் சங்கடத்தோடு ரோட்டைப் பார்த்தாள்.

"நான் எப்படிச் சொல்ல? எல்லாருக்கும் பொதுவுல்ல. ஆபீசுல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துரு, அக்கா."

கேட்கப் போனாள். விரிவாக்க மையத்தில் பாலமுரளி அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டான். அவள் உட்காரவில்லை, விஷயத்தைச் சொன்னாள். அவன் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தான், அவளுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தட்டத் தயாராக இருந்தான்.

"ரெக்கார்டுல அது இப்ப நெலமே இல்லம்மா."

"நெலம் இல்லன்னா, எம் புருசன எதுல சார் பொதச்சிருக்கேன்?"

அவன் எழுந்து உள்ளே போய், ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். மாடித்தோட்டத் திட்டம், ஆறு பிளாஸ்டிக் பை, தென்னைநார்க் கட்டி, கத்தரி, வெண்டை, தக்காளி விதைப் பாக்கெட். அவள் வீட்டுக்கு மாடி கிடையாது, தகரக் கூரை, அது அவனுக்கும் தெரியும்.

"வாசல்ல வச்சுக்கலாம்மா. இதுக்கு மண்ணே வேண்டாம்" என்றான். உண்மையிலேயே அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது, அவனிடம் இருந்தது அதுதான்.

பிறகு பயனாளிப் படிவத்தை எடுத்து, பேர், ஊர், வயது எல்லாம் தானே நிரப்பி, ஒரு கட்டத்தில் வந்து பேனாவை நிறுத்தினான். நிலமுள்ளவர், நிலமற்றவர், இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

"இதுல என்னம்மா போடட்டும்?"

குருவம்மா படிவத்தைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க என்ன எழுதுறீகளோ அது நடந்துருது சார். பாத்து எழுதுங்க."

ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. பாலமுரளி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். அப்புறம், முதுகை நிமிர்த்தி, எழுத்துப் பிசகாமல், பார்த்துத்தான் எழுதினான்: நிலமற்றவர்.